மண்ணுக்கு ஊற்றிய தண்ணீர்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது டிரைவிங் லைசென்ஸில் மட்டும்தான் இருக்கிறது. தெருவிலும் வேலையிடத்திலும் அவர் சரிங்கண்ணன். யார் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பதுதான் முதலில் வாயில் வரும். என்ன கேட்டார்கள் என்பது அப்புறம்தான் அவர் மண்டையில் ஏறும். போகிற வழியில் இந்த பீரோவை இறக்கிவிட்டுப் போக முடியுமா? சரிங்க. இந்த ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது, வந்துவிடு. சரிங்க. கல்யாணமான புதிதில் அவருடைய மனைவி இதில் மயங்கித்தான் போனாள். "மறுத்துப் பேசாத புருஷன் கிடைச்சுட்டாருன்னு பெருமையா இருந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, இவரு எனக்கு மட்டும் இல்ல, ஊருக்கே மறுத்துப் பேச மாட்டாருன்னு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அது அவள் சிரித்துக்கொண்டிருந்த காலம்.

பத்தொன்பது இருபது வயதிலிருந்தே லாரிதான். முதலில் குப்பை லாரி. நகரம் தின்று துப்பியது, உடைத்தது, கிழித்தது எல்லாம் அந்த லாரிகளில் வந்து ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் கொட்டப்பட்டது. கொட்டக் கொட்ட அது மேடாகி, மேடு மலையாகி, பக்கத்துத் தெருவுக்கு மாலை வெயிலே விழாதபடி நின்றது. அந்தத் தெருவில்தான் சரிங்கண்ணன் வாடகைக்கு இருந்தார். மேட்டுக்கு அடியில் ஒரு தடுப்பும் கிடையாது. மழை பெய்தால் குப்பை ஊறி, அதன் சாறு கறுப்பாக இறங்கி மண்ணுக்குள் போகும். மண் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளுமா என்ன? முதலில் கிணற்றில் வாடை வந்தது. பிறகு நிறம் மாறியது. கடைசியில் தெருவில் எந்தக் கிணற்றில் வாளி விட்டாலும் பால் விடாத டீ மாதிரிதான் தண்ணீர் ஏறி வந்தது. குடிக்கிற தண்ணீருக்கு நகராட்சி லாரி வரும், தனக்குத் தோன்றினால். குளிக்க, துவைக்க எல்லாம் கிணறுதான். அந்தத் தெருப் பிள்ளைகளைச் சொறிகிற கையை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம்.

மேட்டுக்கு மறுபக்கம் தரை சரிந்து இறங்கும். அங்கே பள்ளத்தில் ஒரு தெரு. வீட்டுக்கு வீடு கிணறு, எல்லாமே நல்ல தண்ணீர். மேட்டிலிருந்து இறங்கிப் போனால் முதலில் வருவது சரிங்கண்ணனின் அக்கா வீடு. அம்மா இறந்தபோது அவர் பள்ளிக்கூடம் போகிற பையன். அதற்குப் பிறகு அவரை வளர்த்தது அக்காதான். ஒரு லாண்டரியில் காலையிலிருந்து நின்றபடியே இஸ்திரி போடுகிற வேலை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று யாராவது துருவினால், "ஒரு ஆம்பளைய வளர்த்துப் பார்த்தாச்சு, போதும்" என்பாள். கோபம் வந்தால் லாண்டரி முதலாளியையே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டுவிடுவாள். ஆனால் தம்பி படியேறி வந்தால், அவர் உட்காருவதற்கு முன்பே ஒரு செம்புத் தண்ணீரைக் கையில் திணித்துவிடுவாள்.

மேடு இனிமேல் தாங்காது என்று ஆனபோது, அதற்கும் பள்ளத் தெருவுக்கும் நடுவில் குப்பை கொட்டப் புதுக் குழி தோண்டுவதென்று முடிவானது. பள்ளத் தெருக்காரர்களுக்குத் தங்கள் கிணறும் போய்விடும் என்ற பயம் வந்தது. வேலையைத் தடுக்க அக்கா தலைமையில் எல்லாரும் போய் நின்றார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த வந்தவள் ஒரு சின்ன வயது இன்ஜினியர். கையோடு இரண்டு தட்டுகளில் காய்ந்த களிமண் கொண்டுவந்திருந்தாள். ஒன்று வெறும் களிமண், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இன்னொன்றில் பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக வெட்டிக் கலந்திருந்தாள், அதில் ஒரு கீறல் இல்லை. மண் சுவருக்கு வைக்கோலைக் கலந்து பூசுவது போலத்தான் என்றாள். குழியின் அடியிலும் நாலு பக்கமும் இந்த மண்ணைப் பரப்பி இறுக்கிவிட்டால் சாறு கீழே இறங்காது, கிணற்றுக்கு ஆபத்து இல்லை, அந்தப் பிளாஸ்டிக்கையும் இந்த மேட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

அக்கா வீட்டுக்குள் போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு தட்டிலும் தானே ஊற்றிப் பார்த்தாள். வெடித்த தட்டு ஊற்றிய வேகத்தில் குடித்துவிட்டது. மற்றது அப்படியே ஏந்திக்கொண்டு நின்றது.

"இங்க சரியா இருக்கு. குழியில போய் இதே மாதிரி செய்வாங்கன்னு என்ன நிச்சயம்?" என்றாள் அக்கா.

"அக்கா, அந்த மண்ணுக்குத் தண்ணி ஊத்தற லாரியே நான்தான் ஓட்டப் போறேன்" என்றார் கூட்டத்தில் நின்ற சரிங்கண்ணன்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மற்றவர்களிடம் திரும்பி, "சரி, தோண்டட்டும்" என்றாள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்தது ராஜநடை என்று மனைவி சொல்வாள்.

மனைவிக்கும் அந்த வேலையில் இடம் கிடைத்தது. மேட்டின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, பிளாஸ்டிக் வெட்டுகிற பெண்களுக்கு அவளைத் தலைவியாக்கினார்கள். அதுவரை அவள் மேட்டில் குப்பை பொறுக்கி விற்றவள்தான். கொட்டகைக்குள் போனதும் ஆளே மாறிப்போனாள். பாட்டில்களில் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரிக்க வேண்டும். சோடாத்தூள் போட்ட வெந்நீரில் அலச வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மண் ஒட்டாது. கம்பி வலையில் பரப்பிக் காயவைத்து மெஷினில் கொடுக்க வேண்டும். வெட்டி விழுவதைச் சல்லடையில் போட்டு, நீளமாக இருப்பதை மறுபடியும் மெஷினுக்கே அனுப்ப வேண்டும். யாராவது சோம்பல்பட்டு நீளத் துண்டை உள்ளே தள்ளினால் அவள் விடமாட்டாள். "நீளமா இருந்தா ஒண்ணோட ஒண்ணு சுருண்டுக்கும். சுருண்ட இடத்துல மண்ணு பிடிக்காது. அது வழியா சாறு இறங்கினா அங்க கீழ இருக்கிறவ தலையிலதான் விடியும்" என்பாள். கீழே இருக்கிறவள் என்றால் நாத்தனார். கொட்டகைப் பெண்கள் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தார்கள். விரலெல்லாம் கீறல், நகத்துக்கடியில் சோடா எரிச்சல். அத்தனையோடும் அவள் சந்தோஷமாக இருந்தாள். ஊர் தூக்கி எறிந்தது முதல் தடவையாக ஊருக்கே உதவப் போகிறது, அது தன் கையால் நடக்கிறது என்ற எண்ணம் அவளுக்கு.

வெட்டிய துண்டு குழிக்குப் போகும். அங்கே களிமண்ணோடு அளவாகக் கலந்து பரப்புவார்கள். சரிங்கண்ணன் தண்ணீர் தெளிப்பார். பிறகு ரோலர் ஏறி இறுக்கும். அதன்மேல் அடுத்த அடுக்கு. மண் எந்நேரமும் ஈரமாக இருக்க வேண்டும். தூரத்தில் இருந்த நீரேற்று நிலையத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவர அவருக்குச் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். முதல் நாளே இன்ஜினியர் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, அந்தத் தண்ணி மட்டும்தான். வேற எந்தத் தண்ணியும் இந்த மண்ணுல படக்கூடாது."

"சரிங்க."

ஏன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இதில் யாரையாவது திட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நான் இந்த இடத்தில் இரண்டு பேரையும் நிற்கவைத்துத் திட்டுவேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

நீரேற்று நிலையத்திலிருந்து குழிக்கு வரும் வழி அவர் குடியிருந்த தெரு வழியாகத்தான். வண்டி நிறையத் தெளிந்த தண்ணீர், மேடு பள்ளத்தில் தளும்பித் தளும்பித் தெருவெல்லாம் சிந்திக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் ஜனங்கள் வாசலில் நின்று அதைப் பார்ப்பார்கள். ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேட்டிருந்தாலாவது அவர் மனது அப்படி அடித்துக்கொண்டிருக்காது.

முதலில் கேட்டவள் தையல்காரப் பெண். பிள்ளை பெற்று வந்திருந்தாள். குழந்தையின் உடம்பு முழுக்கச் சிவப்புத் தடிப்பு. கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு எந்தத் தண்ணீரில் குளிப்பாட்டுவது என்பதை அவர் சொல்லவில்லை. அவள் லாரிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, மண்ணுக்கு ஊத்தறதுல ரெண்டு வாளி என் குழந்தைக்கு ஊத்துங்கண்ணே."

இதற்கு யார்தான் முடியாது என்று சொல்ல முடியும்? அதிலும் அவர்! குழாயைத் திறந்தார். இரண்டு வாளிக்குப் பின்னால் நாலு வாளி வந்தது, கேன் வந்தது, டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்கள். தெருக்கோடி வீட்டுக்காரருக்கு நடக்க முடியாதென்று அவரே போய் நிரப்பிக் கொடுத்தார். எல்லாம் முடிந்து தட்டிப் பார்த்தால் டாங்கி கணகணவென்று காலியாக இருந்தது. குழியில் ரோலர் காத்துக்கொண்டிருந்தது. மறுபடியும் நீரேற்று நிலையம் போய் வந்தால் பொழுது சாய்ந்துவிடும், சீட்டும் ஒரு நடைக்குத்தான்.

மேட்டின் அடியில் ஒரு பழைய போர்க் கிணறு உண்டு. பாதையில் புழுதி அடங்கத் தெளிப்பதற்கு அந்தத் தண்ணீரைத்தான் எடுப்பார்கள். டீ நிறம், மேலே நுரை. சரிங்கண்ணன் வண்டியை அங்கே விட்டார், நிரப்பினார், குழியில் கொண்டுபோய்த் தெளித்தார். மண் நனைந்தது. எந்தத் தண்ணீரானாலும் மண் நனையத்தானே செய்யும்?

ரோலர் டிரைவர் மூக்கைச் சுளித்தான். "என்னண்ணே, இன்னைக்குத் தண்ணி நாறுது?"

"நாறினா என்னப்பா? மண்ணு என்ன, டீ போட்டா குடிக்கப் போகுது?"

ரோலர்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். விஷயம் அதோடு முடிந்தது. மறுநாளும் தெரு வாசலில் நின்றது, மறுநாளும் அவர் குழாயைத் திறந்தார். பிறகு அதுவே வாடிக்கையாகிவிட்டது. நல்ல தண்ணீர் தெருவுக்கு, போர்த் தண்ணீர் மண்ணுக்கு. குழந்தையின் தடிப்பு மறைந்தது. தையல்காரப் பெண் அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். லாரி திரும்பும்போதே பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்தன. வாழ்நாளில் அவருக்கு அப்படி உச்சி குளிர்ந்ததில்லை. மனைவி மட்டும் ஒருநாள், "அப்போ குழிக்கு எங்கேர்ந்து எடுக்கறீங்க?" என்று கேட்டாள். "இன்னொரு நடை போய் எடுத்துட்டு வர்றேன்" என்றார். அவளிடம் அவர் சொன்ன முதல் பொய் அது என்று நினைக்கிறேன். சொல்லிப் பழக்கமில்லாத ஆள் சொன்னதால் அவளும் நம்பிவிட்டாள்.

மண் வேலை முடிந்து சோதனை வைத்தார்கள். இறுகிய மண்ணில் ஓர் இரும்பு வளையத்தை இறக்கி, அதில் தண்ணீர் நிரப்பி, எவ்வளவு வற்றுகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. வற்றவே கூடாது, அல்லது வற்றுவது கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போன இன்ஜினியர் திரும்பி வந்து பார்த்தபோது வளையத்தின் அடி தெரிந்தது. இடத்தை மாற்றி வைத்தாள். அங்கேயும் அப்படித்தான். பள்ளத் தெருப் பக்கம் வைத்தாள். அங்கேதான் இன்னும் மோசம்.

கான்ட்ராக்டருக்கு முதலிலிருந்தே இந்தப் பிளாஸ்டிக் பிடிக்கவில்லை. "குப்பை ஒழுகாம இருக்கக் குப்பையையே போட்டு அடைக்கறதா? கேக்கறவன் கேனையனா இருந்தா எதையும் சொல்வீங்க" என்று அவர் முன்பே நக்கலடித்தவர். இப்போது விடுவாரா? துண்டுகளைச் சரியாக வெட்டவில்லை, அழுக்கோடு போட்டிருக்கிறார்கள், படிக்காத பொம்பளைகளை நம்பினால் இப்படித்தான் ஆகும் என்று பழியைத் தூக்கிக் கொட்டகையின் மேல் போட்டார். இன்ஜினியருக்கும் வேறு காரணம் தெரியவில்லை. மண்ணின் அளவு சரி, ஈரம் சரி, இறுக்கம் சரி. மிச்சம் இருந்தது துண்டுகள்தான். கொட்டகையை மூடிவிட்டார்கள். மெஷினைத் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். பெண்கள் மறுபடியும் கோணியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார்கள்.

மனைவி ஏறவில்லை. கடைசியாக வெட்டியதில் ஒரு பை நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அடுப்படித் தரையில் கொட்டி, ஒவ்வொரு துண்டாக எடுத்து விரலோடு வைத்து அளந்தாள். முகர்ந்து பார்த்தாள். நாக்கில்கூட வைத்துப் பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தாங்க இருக்கு. ஆனா நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன் போல. நான் இல்லாத நேரத்துல யாராவது நீளத் துண்டைப் போட்டிருப்பாங்களோ? ஒரு பொம்பளைக்கு உடம்பு முடியலைன்னு சீக்கிரம் அனுப்பினேனே, அன்னைக்கு யாரு சல்லடை பார்த்தாங்க?"

சரிங்கண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீரைப் பற்றி அவருக்கு அதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் வேலை போகும், தெருவுக்குத் தண்ணீர் நிற்கும். அதனால் மென்று முழுங்கினார். அவள் தன்னையே குடைந்துகொண்டு, கூட வேலை செய்த ஒவ்வொருத்தியையும் மனசுக்குள் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போர்த் தண்ணீரை ஊற்றியதை நான் மன்னித்துவிடுவேன். அது தெரியாமல் செய்தது. அந்தப் படியில் உட்கார்ந்திருந்த நாட்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ரோலர்காரன்தான் போட்டு உடைத்தான். பாவம், ஆறுதல் சொல்ல வந்தான். டீயைக் குடித்துக்கொண்டே, "விடுங்கக்கா, ஒரு வேலை போனா ஒண்ணு. எனக்கு அந்தக் குழியை விட்டு வந்ததே நிம்மதி. அண்ணன் ஊத்தின போர்த் தண்ணி நாத்தம் இன்னும் மூக்குலயே நிக்குது" என்றான்.

மனைவி அவனைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். "எந்த போர்?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். ரோலர்காரன் பாதி டீயோடு எழுந்து போய்விட்டான்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தரையில் கிடந்த துண்டுகளைக் கூட்டிப் பையில் அள்ளினாள். "என்னைய எத்தனை நாள் இந்தத் தரையில உக்கார வெச்சுட்டீங்க" என்றாள்.

விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகக் குழிக்குப் போனாள். அவர் பின்னாலேயே போனார், கூப்பிடவும் தைரியமில்லை, நின்றுவிடவும் தைரியமில்லை. இன்ஜினியர் வளையத்தின் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"எங்க துண்டுல தப்பில்லம்மா. மண்ணுக்கு ஊத்தினது மேட்டடி போர்த் தண்ணி. ஊத்தினது எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள் மனைவி.

இன்ஜினியருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உப்பும் சாறும் இருக்கற தண்ணி பட்டா களிமண்ணு உள்ளுக்குள்ள பொலபொலன்னு பிரிஞ்சு நின்னுடும். மேலே இறுகினாப்புலதான் இருக்கும். உள்ளே பூரா வழி" என்றாள். "பிளாஸ்டிக் பிடிச்சு வெக்கும்தான். பிடிச்சு வெக்கறதுக்கு மண்ணு மண்ணா இருக்கணுமே." பிறகு அவரைப் பார்த்து, "ஏன்ண்ணே?" என்றாள்.

"குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பும்மா" என்றார். வேறு என்ன சொல்வார்?

அவள் அவரைத் திட்டவில்லை. இரண்டு டிரம் கொண்டுவரச் சொன்னாள். ஒரே மண், ஒரே கொட்டகைத் துண்டு. ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் போர்த் தண்ணீர். இறுக்கி, மேலே நீர் விட்டு வைத்தாள். நல்ல தண்ணீர் டிரம்மில் ஊற்றியது ஊற்றியபடி நின்றது. மற்றதன் அடியில் கசிந்தது. சரிங்கண்ணன் அந்த டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றார். அடியில் வைத்த தட்டில் சொட்டிய ஒவ்வொரு சொட்டையும் அவர் பார்த்தார்.

இன்ஜினியர் அதை எடுத்துக்கொண்டு கான்ட்ராக்டரிடம் போனாள், அவருக்கு மேலே இருந்தவர்களிடமும் போனாள். எல்லா மண்ணையும் தோண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட வேண்டும் என்றாள். முடியாவிட்டால் பள்ளத் தெருப் பக்கமாவது போட்டுவிடலாம் என்று கெஞ்சினாள். அதற்குள் பழைய மேடு ஒரு பக்கம் சரிந்து பாதையில் விழுந்துவிட்டது. கொட்ட இடமில்லாமல் குப்பை லாரிகள் வரிசையாக நின்றன. நகரம் மூக்கைப் பொத்திக்கொண்டு கூச்சல் போட்டது. மழையும் நெருங்கிவிட்டது. "உங்க டிரம்முக்காகக் குப்பை காத்துக்கிட்டு இருக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே முதல் லாரி குழிக்குள் இறங்கியது. இன்ஜினியரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போகும்போது கொட்டகைத் துண்டில் தப்பில்லை என்று மேலே எழுதிக் கொடுத்துவிட்டதாக மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாள். கொட்டகையை யாரும் திறக்கவில்லை.

சரிங்கண்ணனின் வேலை போனது. லாரி நின்றதும் தெரு கொதித்தெழுந்தது. நல்ல தண்ணீரின் ருசி கண்டவர்களாயிற்றே! நகராட்சி வாசலில் காலி வாளிகளோடு போய் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் தினமும் ஒரு தண்ணீர் லாரி என்று ஒப்புக்கொண்டார்கள். டிரைவராக இவர்தான் வேண்டும் என்று தெரு பிடிவாதம் பிடித்தது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. யாரைக் கெடுத்தாரோ அவர்களுக்கு ஒரு சொட்டும் போகாமல், யாருக்குக் கொடுத்தாரோ அவர்களுக்கே மறுபடியும் கொடுக்கிற வேலை. தையல்காரப் பெண்ணின் குழந்தை நடக்க ஆரம்பித்து லாரியைப் பார்த்துக் கைதட்டியது. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

வீட்டில் மனைவி சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு துணிக்கடையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாள். யாராவது பழக்கத்தில் ஜட்ஜம்மா என்று கூப்பிட்டால் காதில் விழாதது போல நடந்தாள்.

அக்காவிடம் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதல் லாரி கொட்டிய அன்றே போய், முற்றத்துக் கிணற்றடியில் நின்று, ஒன்று விடாமல் சொன்னார். அக்கா துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டபடியே கேட்டாள். ஒரு போர்வையை இரண்டு தடவை உதறினாள்.

"அந்தக் குழந்தைக்குச் சரியாயிடுச்சா?"

"ஆச்சுக்கா."

"சரி, விடு."

"இந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்காதே அக்கா. எனக்காகவாவது. நான் லாரியில கொண்டுவந்து தர்றேன்."

"போடா. தண்ணி கல்கண்டு மாதிரி இருக்கு. கெட்டா அப்போ பார்த்துக்கலாம்" என்று சொல்லி உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடித்தார். இனிப்பாகத்தான் இருந்தது.

அதிலிருந்து வாரம் தவறாமல் போனார். அக்காவைப் பார்க்கப் போனாரா, தண்ணீரைப் பார்க்கப் போனாரா என்று அவரையே கேட்டால் சொல்லத் தெரியாது. வாங்கின செம்பை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி உள்ளே பார்ப்பார். முதல் வாயை முழுங்காமல் நாக்கில் வைத்திருப்பார். "என்னடா, மருந்து மாதிரி குடிக்கறே?" என்று அக்கா கேலி செய்வாள். ஒரு மழைக்காலம் போனது. குழி பாதி நிறைந்தது. செம்புத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. அடுத்த மழையும் போனது. அந்த இன்ஜினியர் கணக்கு தப்போ என்று அவருக்கு ஒரு நப்பாசை முளைத்தது. டிரம் வேறு, தரை வேறு இல்லையா? அடியில் பாறை இருக்கலாம். சாறு வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். ஒருநாள் இதை மனைவியிடம்கூடச் சொன்னார். அவள் நெடுநாளைக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்படி இருந்தா நல்லதுதானே" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் பல நாள் சாப்பிட்டார்.

வழக்கமாக அக்கா வீட்டுக்குப் போகாத ஒரு நாளில், பள்ளத் தெரு முனையில் லாரி டயர் பஞ்சராகிவிட்டது. மாற்றி முடிப்பதற்குள் கை முழங்கை வரை கிரீஸ், கழுவ டாங்கியில் சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை. அக்கா வீடு எட்டுகிற தூரம். லாண்டரிக்கு அன்று விடுமுறை, அக்கா உள்ளே ஏதோ உருட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நேராகக் கிணற்றடிக்குப் போய், வாளியை இறக்கி இழுத்தார்.

உருளைச் சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள். "அங்க வேண்டாம்டா, உள்ளே வா, உள்ளே தண்ணி இருக்கு!"

வாளி அதற்குள் மேலே வந்துவிட்டது. டீ நிறம். ஓரத்தில் நுரை.

அவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். வாசல் வழியே அடுப்படி தெரிந்தது. அங்கே மேடையில் லாண்டரியில் சோப்புத் திரவம் வருகிற வெள்ளைக் கேன் ஒன்று, கழுவி, வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தது. பக்கத்தில் அவருக்குத் தண்ணீர் தருகிற செம்பு கவிழ்த்திருந்தது.

"லாண்டரிக் குழாயில பிடிச்சுட்டு வருவேன்" என்றாள் அக்கா. "நீ வர்றப்ப குடுக்க."

"நீ என்ன குடிக்கறே?"

"இதைத்தான். காய்ச்சித்தான் குடிக்கறேன்."

"எத்தனை நாளா?"

"போன மழைக்கு முன்னாடியே நிறம் மாறிடுச்சு. பக்கத்து வீட்டுக் கிணத்துல இன்னும் வரல. தினம் எட்டிப் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

"ஏன்க்கா சொல்லலை? என் லாரியில நின்னு ஒரு கேன் பிடிச்சிருந்தா என்ன?"

"சொன்னா நீ என்ன பண்ணுவே?" என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம் இல்லை. "யாருக்கோ போக வேண்டிய தண்ணியை எனக்குத் திருப்பிவிடுவே. அப்புறம் அது யாரு தலையில போய் விழுமோ."

அவருக்கு வாளியைத் தூக்கி அந்தத் தண்ணீரைக் கண்ணில் படாமல் எங்காவது வீசிவிட வேண்டும் போலிருந்தது. வாளியை ஓங்கியும் விட்டார்.

அக்கா வந்து வாளியின் பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"கொட்டிடாதே" என்றாள். "பாத்திரம் கழுவ ஆகும்."